வேலூரில் சரித்திரத் திகில் ரோல்பிளே: எந்த விளையாட்டு, எவ்வளவு செலவு, எங்கே கவனம்

சரித்திரத் திகில் ரோல்பிளே கேம் ஒன்றை நம்மூரில் நடத்த ஆசைப்பட்டு, கால் ஆஃப் கதுலு வாங்குவதா, டிரெயில் ஆஃப் கதுலு வாங்குவதா, வேசன் வாங்குவதா என்று யாராவது குழம்பிக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். (கதுலு என்பது லவ்கிராஃப்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரின் திகில் கதைகளில் வரும் ஒரு பூதம்.) எனக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆள் இல்லை. வெளிநாட்டுக்காரர்கள் ஒப்பிட்டு எழுதியது நிறையக் கிடைத்தது. ஆனால் அவர்கள் எல்லாரும் பாஸ்டனையும் லண்டனையும் மனதில் வைத்துப் பேசுகிறார்கள். இங்கே கோட்டையும் பாலாறும் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்கிற ஊரில், தமிழில் பேசி விளையாடுகிறவர்களுக்கு எது சரிப்படும் என்று தெரிந்துகொள்வதற்குள் ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் போய்விட்டன. கையிலிருந்து போன பணம் கிட்டத்தட்ட 17,000 ரூபாய். தனியார் பள்ளி ஆசிரியை சம்பளத்தில் அது சின்னத் தொகை இல்லை.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. காய், கட்டம் எதுவும் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்காருகிறோம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு பாத்திரம் எடுத்து, 'நான் கதவைத் திறக்கிறேன்', 'நான் அந்த அம்மாவிடம் விசாரிக்கிறேன்' என்று சொல்லிச் சொல்லியே கதையை நகர்த்துவார்கள். முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வந்தால் டைஸ் உருட்டுவார்கள். என் அம்மாவுக்கு இதை விளக்கும்போது, கூத்தில் கட்டியக்காரன் கதையை இழுத்துக்கொண்டு போவானே, அந்த வேலை எனக்கு, வேஷக்காரர்கள் இவர்கள் என்று சொன்னேன். உடனே புரிந்துகொண்டு டீ போடப் போனார்.

எங்கள் குழுவில் ஒரு நர்ஸ் அக்கா, மருந்துக் கடையில் வேலை செய்யும் ஒரு தம்பி, இன்ஜினியரிங் படிக்கும் இரண்டு பெண்கள், எங்கள் பள்ளிக் கணக்கு சார். நான் சரித்திரம் எடுக்கிறேன். காட்பாடியில் எங்கள் வீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கூடுவோம். என் ஆசை ஆரம்பத்திலிருந்தே ஒன்றுதான்: 1806 வேலூர்ப் புரட்சியை வைத்து ஒரு கதை நடத்த வேண்டும். தினமும் பஸ்ஸில் அந்தக் கோட்டையைத் தாண்டித்தான் எல்லாரும் போகிறோம். பாடப்புத்தகத்தில் சில பத்திகளோடு அது முடிந்துவிடுகிறது. அந்த இரவுக்குள் பிள்ளைகளை உட்கார வைக்க வேறு வழி இருக்கும் என்று நம்பினேன், இன்னும் நம்புகிறேன்.

முதலில் பணம் போன கதை. எந்த விளையாட்டு என்று முடிவு செய்வதற்கு முன்பே கடினஅட்டைப் புத்தகங்களையும், டைஸோடு வரும் ஒரு பெட்டியையும் வெளிநாட்டுக் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். அனுப்பும் கூலியே ஒரு புத்தக விலைக்கு வந்தது. டைஸ் இருந்த பெட்டியைப் பொம்மை என்று பதிந்து தனியாக வரி போட்டார்கள். கூரியர்காரர் அதைக் கட்டினால்தான் தருவேன் என்று வாசலில் நின்றார். இன்னொரு பார்சலை மழையில் நனைந்த திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நான் பள்ளியிலிருந்து வருவதற்குள் உள்ளே ஈரம் ஏறி, பளபளப்புத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. ஒட்டின பக்கங்களைப் பிரித்தால் மேல் மை உரிந்து எதிர்ப் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். படங்கள் எல்லாம் வெள்ளைத் திட்டுத் திட்டாகிவிட்டன. கடைக்கு எழுதினேன், கூரியருக்கு எழுதினேன், ஒருவர் இன்னொருவரைக் காட்டினார். பணம் திரும்பவில்லை. ராத்திரி அந்தப் புத்தகத்தை மின்விசிறிக்கு அடியில் விரித்து வைத்துவிட்டு அழுதேன்.

அதனால் சொல்கிறேன், முதல் மாதத்தில் அச்சுப் புத்தகம் எதுவும் வாங்காதீர்கள். கால் ஆஃப் கதுலுவை வெளியிடும் கேயாசியம் நிறுவனம் சுருக்க விதிகளை இலவச பிடிஎஃப்பாகவே தருகிறது. அதற்குள்ளேயே 'தி ஹாண்டிங்' என்ற முழுக் கதையும் இருக்கிறது. 1981இல் முதல் பதிப்பு வந்ததிலிருந்து கூடவே வரும் கதை அது. பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்து ஸ்பைரல் போட்டுக்கொண்டேன், இருநூறு ரூபாய்கூட ஆகவில்லை. அதை வைத்தே மாதக்கணக்கில் விளையாடலாம். பத்துமுக டைஸ் இல்லையென்றாலும் பரவாயில்லை. 0 முதல் 9 வரை சீட்டு எழுதி ஒரு டப்பாவில் போட்டு, எடுத்ததைத் திரும்பப் போட்டுவிட்டு இன்னொரு முறை எடுத்தால் நூறுக்குள் ஒரு எண் வந்துவிடும். நாங்கள் முதலில் அப்படித்தான் ஆடினோம்.

சரி, விளையாட்டுக்கு வருகிறேன். கால் ஆஃப் கதுலு சாண்டி பீட்டர்சன் வடிவமைத்தது. வழக்கமான களம் 1920களின் அமெரிக்கா. அதன் பெரிய பலம் சதவீதம். உங்கள் பாத்திரத்துக்கு நூலகத்தில் தேடும் திறமை 60 என்றால், நூறில் 60 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஜெயம். கணக்கு சாருக்கும் புரிந்தது, ரோல்பிளே என்ற சொல்லையே கேட்டிராத நர்ஸ் அக்காவுக்கும் புரிந்தது. பாத்திரங்கள் வீரர்கள் இல்லை, வாத்தியார், டாக்டர், பத்திரிகைக்காரர் மாதிரி சாதாரண ஆட்கள். ஒரு துப்பாக்கிக் குண்டில் செத்துப்போவார்கள். திகிலுக்கு அது ரொம்ப உதவுகிறது.

'தி ஹாண்டிங்' பாஸ்டனில் நடக்கும் கதை. நான் அதை 1920களின் வேலூருக்கு, தோட்டப்பாளையத்தில் ஒரு பழைய வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வியக்கும்படி பொருந்தியது. 1911இல் சித்தூர் தனி மாவட்டமாகப் பிரிந்த பிறகு வட ஆற்காடு மாவட்டத்துக்கு வேலூர்தான் தலைநகராக இருந்தது. அதனால் பாஸ்டன் பத்திர அலுவலகத்துக்குப் பதில் இங்கே சப் ரிஜிஸ்தார் ஆபீஸும் கலெக்டர் கச்சேரியும் வந்துவிட்டன. நர்ஸ் அக்கா தன் பாத்திரத்தை அமெரிக்க டாக்டர் ஐடா ஸ்கடர் 1918இல் தொடங்கிய பெண்கள் மருத்துவப் பள்ளியின் மாணவியாக எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும் அவர் முகத்தில் ஒரு மகிழ்ச்சி தெரிந்தது. தான் வேலை பார்க்கிற தொழிலுக்கு இந்த ஊரிலேயே இவ்வளவு பழைய வேர் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அதற்குள் போய் நின்று பேசுவது வேறு. மற்ற ஊர்க்காரர்களும் இப்படிச் செய்யலாம். உங்கள் ஊரில் அந்தக் காலத்தில் இருந்த ஒரு பள்ளி, ஒரு ஆஸ்பத்திரி, ஒரு ஆபீஸ் இவற்றை முதலில் கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இடறுகிற இடங்கள் இரண்டு. முதலாவது, தடயம். பத்திரத்தைத் தேடும்போது டைஸ் கைவிட்டுவிட்டால் கதை நின்றுவிடும். எங்களுக்கு அப்படி நின்றது. எல்லாரும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், முறுக்கு தீர்ந்துபோனது. கதை நகரத் தேவையான தடயத்தை டைஸிடம் விடாமல் நேராகக் கொடுத்துவிட வேண்டும் என்று 7ஆம் பதிப்பின் பெரிய புத்தகத்திலேயே அறிவுரை இருக்கிறது. ஆனால் அது 400 பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தில் உள்ளே எங்கேயோ கிடக்கிறது. இலவசச் சுருக்கத்தை வைத்துத் தொடங்குகிறவர்கள் இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: எது இல்லாவிட்டால் கதை நகராதோ, அதற்கு டைஸ் கேட்காதீர்கள்.

இரண்டாவது, சானிட்டி. இதுதான் என்னை உலுக்கியது. கால் ஆஃப் கதுலுவில் மனநிலைக்கு ஒரு எண் உண்டு. பயங்கரமான ஒன்றைப் பார்த்தால் அது குறையும். ஒரே தடவையில் 5 அல்லது அதற்கு மேல் குறைந்தால், புத்திக்கான எண்ணை வைத்து டைஸ் உருட்ட வேண்டும். அதில் ஜெயித்தால், அதாவது பார்த்தது என்ன என்று முழுசாகப் புரிந்துவிட்டால், பாத்திரத்துக்குச் சித்தம் கலங்கும். எப்படிக் கலங்குகிறது என்பதற்குப் பெரிய புத்தகத்தில் ஒரு பட்டியல், அச்சங்களுக்கு ஒரு பட்டியல், வெறிகளுக்கு ஒரு பட்டியல். டைஸ் போட்டு அதில் ஒன்றை எடுத்து நடிக்க வேண்டும். மருந்துக் கடைத் தம்பிக்கு அது வந்தது. பட்டியலை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவர் படித்தார், பென்சிலைக் கீழே வைத்தார், போன் வந்திருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். போன் வரவில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்தது. ராத்திரி எனக்கு எழுதினார்: "மிஸ், தப்பா நினைச்சிக்காதீங்க. அந்த லிஸ்ட்ல இருக்கிறதெல்லாம் எங்க வீட்ல நடக்குது. எங்க அண்ணனுக்கு ரொம்ப வருஷமா வைத்தியம் பார்க்கிறோம். அத விளையாட்டா செய்ய எனக்கு வரல."

எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. வேலூர் ஆஸ்பத்திரி ஊர். மனநல வைத்தியத்துக்கு வெளி மாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து லாட்ஜில் தங்கியிருக்கிறார்கள். இங்கே மேசையைச் சுற்றி உட்காரும் ஐந்து பேரில் ஒருவர் வீட்டிலாவது அந்தக் கஷ்டம் இருக்கும். வெளிநாட்டு ஒப்பீடுகளில் சானிட்டி விதியைப் புகழாதவர்கள் இல்லை. விளையாட்டுச் சரித்திரத்தில் அது பெரிய கண்டுபிடிப்பு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமலே அதை நடத்தலாம், எண் குறைவதே போதுமான பயம் தரும். அந்தத் தம்பி வீட்டுக்குப் போய்ப் பேசினேன். அவருடைய அண்ணன்தான் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தம்பி திரும்பி வந்தார், ஆனால் பட்டியல் மேசைக்குத் திரும்பவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு வழக்கங்கள் வைத்துக்கொண்டோம். ஒன்று, எக்ஸ் கார்டு. ஜான் ஸ்டாவ்ரோபௌலோஸ் என்பவர் பரப்பியது. அட்டையில் எக்ஸ் போட்டு நடுவில் வைக்க வேண்டும். யாருக்காவது காட்சி தாங்கவில்லை என்றால் அதைத் தொடலாம். காரணம் கேட்கக் கூடாது, காட்சியை மாற்றிவிட வேண்டும். நாங்கள் பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்டு வைத்திருக்கிறோம். இன்னொன்று, புதுக் கதை தொடங்கும் முன்பு எது வரவே கூடாது, எது வந்தால் விவரிக்காமல் கடந்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பது. பெயர் போட வேண்டாம். வாயால் கேட்டால் நம்மவர்கள் 'எனக்கு ஒண்ணும் இல்ல மிஸ்' என்பார்கள். சீட்டில் எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள்.

அடுத்து டிரெயில் ஆஃப் கதுலு. கென்னத் ஹைட் எழுதி 2008இல் வந்தது. ராபின் லாஸ் உருவாக்கிய கம்ஷூ விதிகளில் ஓடுகிறது. காலம் 1930கள். தடயம் கிடைக்காமல் நின்றுபோகும் தொல்லை இதில் இல்லவே இல்லை. உங்கள் பாத்திரத்துக்கு உரிய திறமை இருந்து, சரியான இடத்தில் தேடினால் தடயம் கட்டாயம் கிடைக்கும். அதிகப்படித் தகவல் வேண்டுமென்றால் கையிலிருக்கும் புள்ளியைச் செலவழிக்கலாம். ஓடுவது, சண்டை, ஒளிவது மாதிரி விஷயங்களுக்கு மட்டும் ஒரு ஆறுமுக டைஸ். மனதுக்கு இரண்டு கணக்கு: இன்றைக்கு வரும் கலக்கத்துக்கு ஸ்டெபிலிட்டி, உலகத்தைப் பற்றிய நம்பிக்கையே உடைவதற்குச் சானிட்டி. இதில் எனக்கு மிகவும் பிடித்தது, உங்களைத் தாங்கிப் பிடிக்கிற ஆட்களின் பெயரைப் பாத்திரத் தாளிலேயே எழுத வேண்டும் என்ற விதி. மருந்துக் கடைத் தம்பி தன் பாத்திரத்துக்கு ஒரு அண்ணனை எழுதிக்கொண்டார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் நடத்துகிறவருக்கு இது பாரம். எந்தத் தடயத்திலிருந்து எந்த இடத்துக்குப் போகலாம் என்று முன்கூட்டியே வரைந்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதியில் தடுமாறுவோம். பரீட்சைத் தாள் திருத்தும் வாரங்களில் என்னால் முடியவில்லை. புள்ளியை எப்போது செலவழிப்பது என்பது மாணவிகளுக்குச் சட்டென்று பிடிபட்டது. நர்ஸ் அக்கா, தீர்ந்துவிடுமோ என்று கடைசி வரை ஒரு புள்ளியைக்கூட செலவழிக்காமல் வைத்திருந்தார். நேரம் இருக்கிறவர்களுக்கு, துப்பறியும் கதை பிடித்தவர்களுக்கு, இதைத் தயங்காமல் சொல்வேன். 1930களும் நமக்கு வளமான காலம். உப்பு சத்தியாகிரகம், விலைவாசி விழுந்து கடனில் முழுகின குடியானவர்கள் என்று கதைக்குப் பஞ்சம் இல்லை.

வேறு இரண்டையும் தொட்டுப் பார்த்தேன். ஆக்டுங் கதுலு இரண்டாம் உலகப் போரில் நடக்கிறது. சாகசம்தான் அதிகம், எங்களுக்குப் பயம் வரவில்லை. டென் கேண்டில்ஸ் என்பது பத்து மெழுகுவர்த்தி ஏற்றி, ஒவ்வொன்றாக அணைய அணைய விளையாடுவது, கடைசியில் எல்லாப் பாத்திரமும் இறந்துவிடும். அழகான யோசனை. ஆனால் அது சரித்திரக் கதை இல்லை. மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்த வேண்டும், வேலூர் சித்திரை மாதத்தில் மூடின அறையில் அது நடக்கிற காரியமா? மார்கழியில் முயன்று பாருங்கள்.

வேசன் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். 2020இல் சுவீடனின் ஃப்ரீ லீக் வெளியிட்டது. யோஹான் எகர்க்ரான்ஸ் வரைந்த நாட்டுப்புறப் பூதங்களின் புத்தகத்திலிருந்து வளர்ந்தது. 19ஆம் நூற்றாண்டு வடநாடுகள், உப்சாலா நகரம், ஆவி பூதங்களைக் காணும் பார்வை வாய்த்த சிலர். தொழிற்சாலையும் ரயிலும் வர வர, காட்டிலும் குளத்திலும் இருந்த பழைய சக்திகள் இடம் இழந்து கோபம் கொள்கின்றன. துப்பாக்கி வேலைக்காகாது. அது ஏன் கோபமாக இருக்கிறது, அதற்கு என்ன கொடுக்காமல் விட்டார்கள், எந்தச் சடங்கில் அது அடங்கும் என்று விசாரித்துக் கண்டுபிடிக்க வேண்டும். இதைச் சொன்னதுமே கணக்கு சார், "இது நம்ம படையல்தானேங்க" என்றார். மற்ற விளையாட்டுகளில் விளக்கிப் புரியவைக்க வேண்டியிருந்ததெல்லாம் இதில் அவர்களுக்கே தெரிந்திருந்தது.

விதியும் சுலபம். ஆறுமுக டைஸ் மட்டும் போதும், தாயக்கட்டை விற்கிற கடையிலேயே கைநிறைய வாங்கினோம். பல டைஸ்களைச் சேர்த்து உருட்டி, ஒரு 6 வந்தால் வெற்றி. வராவிட்டால் இன்னொரு முறை உருட்டலாம், ஆனால் அதற்கு விலையாக ஒரு நிலையை ஏற்க வேண்டும். மனதுக்கான நிலைகள் கோபம், பயம், நம்பிக்கை இழப்பு, இவ்வளவுதான். யாருக்கும் வரக்கூடியவை. அந்த நிலைகளில் நோயின் பெயர் எதுவும் இல்லை. மருந்துக் கடைத் தம்பி அன்று 'நம்பிக்கை இழந்தவர்' என்ற நிலையோடு ஆடின ஆட்டத்தை நாங்கள் யாரும் மறக்க மாட்டோம்.

நான் எடுத்த கதை 1850கள். ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுக்கு, அதாவது இன்றைய வாலாஜா ரோடுக்கு, 1856இல் ஓடிய ரயில்தான் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில். அந்தத் தண்டவாளத்துக்கு மண் வெட்டும்போது ஒரு ஏரிக்கரை மரத்தை வெட்டிவிடுகிறார்கள், கூலியாட்களுக்கு ராத்திரியில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்கிறது. இவ்வளவுதான் ஆரம்பம். வேசனில், விளையாடுகிறவர்கள் தலையிடாவிட்டால் அடுத்து என்ன, அதற்கடுத்து என்ன என்று ஒரு வரிசை எழுதிவைக்கும் முறை இருக்கிறது. வேறு எந்த விளையாட்டை நடத்தினாலும் அதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள், கதை தொய்யாது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை, எந்த ஆங்கிலப் புத்தகத்திலும் இல்லாதது. என் முதல் வரைவில் அந்த மரத்தடியில் முனீஸ்வரனை வைத்திருந்தேன். ஆட்டத்துக்கு முன்னால் சீட்டு வாங்கியதில் ஒன்றில், 'முனி எங்க குலதெய்வம்' என்று இருந்தது. மாற்றிவிட்டேன். மாசி மாதம் மயானக் கொள்ளைக்குப் பாலாற்றங்கரையில் திரளுகிற கூட்டத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்காளம்மனும் பாவாடைராயனும் இந்த மண்ணில் கும்பிடப்படுகிற சாமிகள். அவர்களைப் பூதம் ஆக்கக் கூடாது. குழுவில் ஒவ்வொருவருடைய குலதெய்வம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அவற்றைக் கதைக்கு வெளியே வையுங்கள். நான் யாரும் கும்பிடாத ஒரு ஏரிக் காவலைப் புதிதாக உண்டாக்கினேன். பயம் கொஞ்சமும் குறையவில்லை.

கடைசியாக 1806. இதற்கு எந்த விளையாட்டு என்று ரொம்ப நாள் அலைந்தேன். அதையொட்டிய காலத்துக்குக் கால் ஆஃப் கதுலுவில் ரீஜென்சி கதுலு என்று 2022இல் ஒரு புத்தகம் வந்தது. ஆனால் அது இங்கிலாந்தின் மாளிகை, விருந்து, நடனம், நற்பெயருக்கு மதிப்பெண் என்று போகிறது. இங்கே சிப்பாய்களுக்கு நடந்ததை அந்த வரவேற்பறையிலிருந்து பார்க்க முடியாது. பூதம் ஏதாவது வைக்கலாமா என்றும் யோசித்தேன். நடந்ததைப் படிக்கப் படிக்க அந்த எண்ணமே போய்விட்டது. 1805 நவம்பரில் வந்த உத்தரவில் நெற்றிக் குறி கூடாது, தாடி எடுக்க வேண்டும் என்று இருந்தது. புதுத் தலைப்பாகையில் தோலில் செய்த சின்னம். மறுத்தவர்களுக்குச் சவுக்கடி. 1806 ஜூலை 9 அன்று, திப்புவின் குடும்பத்தைக் காவலில் வைத்திருந்த கோட்டைக்குள் அவருடைய மகள் ஒருவருக்குக் கல்யாணம். 10ஆம் தேதி விடிவதற்குள் எழுச்சி, 69ஆம் படைப்பிரிவு வெள்ளைக்காரர்கள் படுக்கையிலேயே கொல்லப்பட்டார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து நுழைந்ததும், அரண்மனையில் ஒளிந்திருந்த சிப்பாய்கள் நூறு பேர் அளவில் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். இதற்குமேல் ஒரு பூதம் எதற்கு? ஒரு பூதத்தைக் கொண்டுவந்தால் பழி எல்லாம் அதன்மேல் போய்விடும். உத்தரவு போட்டவர்கள் தப்பித்துவிடுவார்கள். சரித்திரத் திகில் விளையாட்டு எது வாங்கலாம் என்று என்னைக் கேட்டால், பயம் பூதத்திலிருந்து வருகிறதா, அந்த வருடத்திலிருந்தே வருகிறதா என்றுதான் முதலில் திருப்பிக் கேட்பேன்.

வருடத்திலிருந்து வருகிற பயத்துக்கு எனக்கு உதவியது கதுலு டார்க். கிரகாம் வால்ம்ஸ்லி எழுதியது, மூல விதிகள் சில பக்கங்கள்தான். மனிதரால் முடிகிற காரியம் என்றால் ஒரு டைஸ், உங்கள் தொழில் சார்ந்தது என்றால் இன்னொன்று, மனதைப் பணயம் வைத்தால் மூன்றாவது. பெரிய எண் எதுவோ அதுவே முடிவு. விசாரணையில் ஏதாவது ஒன்று கட்டாயம் தெரியவரும். பார்த்ததன் கனம் கூடக்கூட அந்த மூன்றாவது டைஸின் கணக்கு 1லிருந்து 6 நோக்கி ஏறும். பூதம் இல்லாமலும் அது வேலை செய்கிறது. அதிகாரம் இல்லாத ஆட்களாக ஆட வேண்டும் என்பது அந்த விளையாட்டின் போக்கு, எங்களுக்கும் அதுவே வேண்டியிருந்தது. நர்ஸ் அக்கா சிப்பாய் மனைவி, மாணவிகள் அரண்மனைச் சமையல்காரியும் கல்யாணத்துக்குப் பூக் கட்ட வந்தவளும், தம்பியும் கணக்கு சாரும் சிப்பாய்கள்.

பரேடு காட்சி. கணக்கு சாருடைய பாத்திரத்துக்கு நாமம். அதிகாரியாக நான், "அழி" என்று மட்டும் சொன்னேன். அவர் டைஸை எடுக்கவில்லை. உண்மையிலேயே கையை நெற்றிக்குக் கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவிட்டார். பக்கத்தில் நர்ஸ் அக்கா, வீட்டுக்கு அரிசி எவ்வளவு நாளைக்கு இருக்கிறது என்று அவர் மனைவி எண்ணுவதாகத் தாழ்ந்த குரலில் சொல்லத் தொடங்கினார். அந்த ஒரு காட்சியில் பிள்ளைகளுக்குப் புரிந்தது, நான் பத்து வருடம் பாடம் எடுத்தும் புரியவைக்க முடியாதது. சுவரோரம் நிறுத்தியதை விவரிக்க வேண்டாம் என்று முன்பே சீட்டு வந்திருந்தது. குதிரைச் சத்தத்தோடு முடித்துக்கொண்டேன். அப்புறம் டீ குடித்துவிட்டுத்தான் எல்லாரையும் அனுப்பினேன். கனமான கதைக்குப் பிறகு அரை மணி நேரம் சும்மா பேசாமல் யாரையும் பஸ் ஏற்றாதீர்கள்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் இலவசக் கால் ஆஃப் கதுலுவை எடுத்து, சித்தக் கலக்கப் பட்டியலை விட்டுவிட்டு ஆரம்பியுங்கள். பிடித்துப்போனால் வேசன் பிடிஎஃப் வாங்குங்கள். என் செலவில் வீண் போகாதது அது ஒன்றுதான். எந்த விளையாட்டானாலும் விதிகளை ஒரே பக்கத்தில் தமிழில் கையால் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுங்கள். ஆங்கிலத் தாளைப் பார்த்ததும் வாய் மூடிக்கொண்டவர்கள் அதற்குப் பிறகுதான் பேசத் தொடங்கினார்கள். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.

அடுத்து மாணவிகள் 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தை வைத்து ஆடலாம் என்கிறார்கள். பசியை டைஸ் கணக்கில் வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. கம்ஷூவில் புள்ளி தீர்வது மாதிரி வைக்கலாமா, கதுலு டார்க்கில் எண் ஏறுவது மாதிரி வைக்கலாமா என்று எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாராவது பஞ்சத்தை வைத்து நடத்தியிருந்தால் எந்த விதியை எடுத்தீர்கள், குழு எப்படித் தாங்கியது என்று சொல்லுங்கள்.